ஒரு டியூப் கெட்டதற்கு ஒன்பதையும் மாற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிதார் ஆம்ப்ளிஃபயர் பராமரிப்பு பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பைப் படித்தேன். தமிழ்ப் பத்திரிகையில் டியூப் ஆம்ப் (பழைய ரேடியோ வால்வு மாதிரிக் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்ளிஃபயர்) பற்றி அரைப்பக்கம் வருவதே பெரிய விஷயம், அதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் சொல்லியிருந்த இரண்டு யோசனைகளை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எல்லா டியூபையும் மொத்தமாக மாற்றிவிட வேண்டுமாம். பல்பு மாற்றுகிற மாதிரி சுலபமான வேலையாம், யார் வேண்டுமானாலும் செய்யலாமாம். முதல் யோசனை பணத்துக்குக் கேடு, இரண்டாவது சில சமயம் உயிருக்கே கேடு.

நான் சென்னையில் ஆம்ப் பழுதுபார்க்கிறவன். என் மேஜைக்கு வருவதில் பெரும்பாலானவை ஹை கெயின் ஆம்ப்கள்தான், அதாவது சிக்னலை மிக அதிகமாகப் பெருக்குகிற, மெட்டல், ஹார்ட் ராக் வாசிக்கிறவர்கள் வைத்திருக்கும் வகை. சாதாரண ஆம்புக்குச் சொல்வதை அப்படியே இதற்குச் சொல்ல முடியாது, ஏன் என்று சொல்கிறேன்.

பீவி என்ற அமெரிக்கக் கம்பெனியின் 6505ஐ எடுத்துக்கொள்வோம், நம் ஊர் மெட்டல் பையன்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். ராக் கிதார் கலைஞர் எடி வான் ஹேலனுக்காக 1992இல் 5150 என்ற பெயரில் வந்த ஆம்ப் இது. 2004இல் அவர் பீவியை விட்டு விலகியபோது பெயரையும் கையோடு கொண்டுபோய்விட்டார், அதனால் 1965இல் தொடங்கிய கம்பெனி தன் நாற்பதாவது ஆண்டான 2005ஐச் சேர்த்து 6505 என்று வைத்துக்கொண்டது. உள்ளே இருக்கும் சமாச்சாரம் கிட்டத்தட்ட அதேதான். விரல் தடிமனில் ஐந்து 12ஏஎக்ஸ்7 டியூப்கள், அப்புறம் பெரியதாக நான்கு 6எல்6ஜிசி. சின்னவை கிதாரிலிருந்து வரும் துளிச் சிக்னலைப் பெருக்குகின்றன, பெரியவை ஸ்பீக்கரைத் தள்ளுகின்றன. மொத்தம் ஒன்பது. உங்கள் குறிப்பை நம்பினால் இந்த ஒன்பதையும் வருடா வருடம் குப்பையில் போட வேண்டும்.

ஒரு 12ஏஎக்ஸ்7க்குள் இரண்டு பாதிகள் இருக்கின்றன, ஒவ்வொரு பாதியும் ஆம்பில் உட்கார்ந்து வேலை செய்யும்போது சிக்னலை ஐம்பது அறுபது மடங்கு பெருக்கும். ஹை கெயின் ஆம்பில் இந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நடுவில் கொஞ்சம் கொஞ்சம் விரயமாக்கி, மறுபடி பெருக்கி, சிக்னலின் தலையை வேண்டுமென்றே வெட்டுகிறார்கள். அந்த வெட்டுதான் டிஸ்டார்ஷன். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், முதல் டியூபில் பிறக்கிற சின்ன இரைச்சலை அதற்குப் பின்னால் நிற்கிற எல்லாரும் சேர்ந்து பெருக்கிவிடுவார்கள், கடைசி டியூபில் அதே இரைச்சல் பிறந்தால் காதுக்கே எட்டாது. ஆகவே ஹை கெயின் ஆம்பில் 'கெட்ட டியூப்' என்பது பல நேரம் கெட்ட டியூபே இல்லை, தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிற டியூப், அவ்வளவுதான். வி1 என்று குறித்திருக்கும் முதல் சாக்கெட்டில் கீச்சிடும் ஒன்றைக் கழற்றி எஃபெக்ட்ஸ் லூப்புக்கான (ஆம்பின் நடுவே வெளி எஃபெக்ட்ஸ் கருவிகளை இணைக்கும் வழிக்கான) சாக்கெட்டில் போட்டுவிட்டு, அங்கே இருந்ததை வி1க்குக் கொண்டுவந்து பாருங்கள், ஒரு பைசா செலவில்லாமல் ஆம்ப் அமைதியாகிவிடுவது எத்தனையோ தடவை நடக்கிற விஷயம்.

சமீபத்தில் ஒரு கல்லூரி மாணவர் 6505 ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் திடீரென்று பாதியாகக் குறையும், தட்டினால் திரும்ப வரும், இதுதான் புகார். யாரோ சொன்னார்களென்று ஒன்பது டியூபையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்துப் போட்டிருக்கிறார், சுங்கவரி வேறு. அப்புறமும் அதே புகார். நான் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப்பில் சென்ட் துளைக்கும் ரிட்டர்ன் துளைக்கும் நடுவில் ஒரு சின்ன பேட்ச் கேபிளைச் செருகினேன், சத்தம் முழுசாக வந்தது, அப்புறம் குறையவே இல்லை. விஷயம் இதுதான்: ரிட்டர்ன் ஜாக்கில் எதுவும் செருகாதபோது உள்ளே ஒரு சின்னத் தகடு தொட்டுக்கொண்டு சிக்னலை அப்படியே கடத்திவிடும். அந்தத் தகட்டில் ஆக்சைடு படிந்தால் தொடர்பு விட்டு விட்டு வரும். கடற்காற்று அடிக்கிற ஊரில் இது சகஜம். கான்டாக்ட் கிளீனரை அடித்து, பிளக்கை நாலு முறை போட்டு எடுத்ததில் வேலை முடிந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கழற்றிய பழைய டியூபையெல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறாரா என்று கேட்டேன், தூக்கிப் போட்டுவிட்டாராம்.

ஆகவே டியூபில் கை வைக்கும் முன்னால் கிதார் கேபிளை மாற்றிப் பாருங்கள், பிறகு கேபிளையே கழற்றிவிட்டுப் பாருங்கள், எஃபெக்ட்ஸ் பெடல்களை விலக்கிப் பாருங்கள், லூப்பில் நான் சொன்னபடி ஒரு கேபிளைச் செருகிப் பாருங்கள். அதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால்தான் டியூப் பக்கம் வர வேண்டும்.

சின்ன டியூப்களைச் சோதிக்க ஒரு மரப் பென்சில் போதும். ஆம்பை ஆன் செய்து, மாஸ்டர் வால்யூமைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு, பென்சிலின் பின்முனையால் ஒவ்வொரு டியூபாக மெதுவாகத் தட்டுங்கள். வி1ஐத் தட்டினால் ஸ்பீக்கரில் 'டொக்' என்று கேட்கத்தான் செய்யும், இத்தனை கெயின் இருக்கிற ஆம்பில் அது கேட்காவிட்டால்தான் அதிசயம், அதைக் கேட்டுவிட்டு டியூப் போய்விட்டது என்று ஓடாதீர்கள். தட்டிய பிறகும் 'ங்ங்ங்' என்று மணி மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தால், அல்லது கையை எடுத்த பிறகு தானாகவே கீச்சிட ஆரம்பித்தால், அதுதான் ஆள். மைக்ரோஃபோனிக் என்பார்கள், உள்ளே இருக்கும் கம்பிகள் தளர்ந்து மைக் போலவே நடந்துகொள்ளும். ஸ்பீக்கரும் ஆம்பும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் காம்போவில் இந்தத் தொல்லை சீக்கிரம் வரும், ஸ்பீக்கரின் அதிர்வு முழுவதும் டியூப் மேலேதான் போய் விழுகிறது. தட்டிப் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் ஆம்பை அணைத்து, ஆற விட்டு, நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிந்த ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7ஐ ஒவ்வொரு சாக்கெட்டாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த இடத்தில் போட்டதும் இரைச்சல் போகிறதோ அங்கே இருந்ததுதான் குற்றவாளி. கையில் உதிரியாக ஒன்று இருந்தால் போதும், ஒன்பது வேண்டாம்.

கழற்றுவதிலும் பக்குவம் இருக்கிறது. உலோக மூடி போட்டிருந்தால் அதை லேசாக அழுத்தித் திருகினால் வந்துவிடும். பிறகு டியூபை நேராக வெளியே இழுக்க வேண்டும், சின்ன வட்டமாக ஆட்டி ஆட்டி எடுக்கலாம், பக்கவாட்டில் சாய்த்து நெம்பினால் ஒன்பது கால்களில் ஏதாவது ஒன்று வளையும். இந்தக் கால ஆம்ப்கள் பலவற்றில் சாக்கெட் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருக்கும், முரட்டுத்தனமாக அழுத்தினால் பற்றவைப்பு விரிசல் விட்டுவிடும், அப்புறம் வேறு ஒரு பழுதோடு என்னிடம் வருவீர்கள். பெரிய டியூபைக் கண்ணாடியில் பிடிக்காமல் அடியில் இருக்கும் கறுப்பு பேஸில் பிடிக்க வேண்டும். அந்த பேஸின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் முளையில் சின்ன மேடாக இருக்கும் சாவிதான் டியூப் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது, அது உடைந்துபோன டியூபைத் தயவுசெய்து போடாதீர்கள், தப்பான கோணத்தில் உட்கார்ந்தால் 400 வோல்ட்டுக்கும் மேலான மின்னழுத்தம், தான் போகக் கூடாத இடத்துக்குப் போய்விடும்.

கண்ணாடிக்குள் மேலே வெள்ளி பூசின மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று உள்ளே புகுந்துவிட்டது, அந்த டியூப் முடிந்தது, விவாதமே தேவையில்லை. மாறாகப் பெரிய டியூப்களில் கண்ணாடியை ஒட்டி நீலமாக ஒரு ஒளி மினுங்கினால் பயப்படாதீர்கள், நல்ல டியூபிலும் அது வரும்.

இப்போது பெரிய டியூப்களுக்கு வருகிறேன், பல்பு உவமை அடியோடு உடைகிற இடம் இதுதான். சின்னவற்றைக் கழற்றிப் புதிதைச் செருகினால் முடிந்தது, எந்தச் சரிசெய்தலும் வேண்டாம். ஆனால் 6எல்6ஜிசியோ, இன்னொரு வகைப் பெரிய டியூபான இஎல்34ஓ மாற்றினால் பயாஸ் பார்த்தே ஆக வேண்டும். இந்த டியூப்கள் சும்மா இருக்கும்போதே எவ்வளவு மின்சாரத்தை இழுக்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிற எதிர்மின்னழுத்தம்தான் பயாஸ். அது போதாமல் போனால் டியூப் வரம்பில்லாமல் இழுக்கும், உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடு செர்ரிப் பழ நிறத்தில் சிவக்கும், அப்போது உடனே அணைக்காவிட்டால் டியூபோடு, ஸ்பீக்கருக்குச் சிக்னலைக் கொடுக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் போய்ச் சேரும். அதிகமானால் ஆபத்தில்லை, ஒலிதான் சப்பென்று, மெல்லியதாக, ஓரங்களில் கரகரப்போடு இருக்கும்.

கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. 6எல்6ஜிசியின் தகடு தாங்கும் உச்சம் 30 வாட், இஎல்34க்கு 25 வாட். சும்மா இருக்கும்போது இந்த உச்சத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பொதுவாக வைத்துக்கொள்ளும் எல்லை. தகட்டில் 450 வோல்ட் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 6எல்6ஜிசிக்கு 21 வாட், அதாவது சுமார் 47 மில்லியாம்பியர். இஎல்34க்குப் பதினேழரை வாட், சுமார் 39 மில்லியாம்பியர். அதுவும் உச்ச எல்லைதான், அதற்குக் கீழே வைத்து ஒலியைக் காதால் கேட்டு முடிவு செய்வதுதான் சரி. இரண்டு டியூபும் ஒரே மாதிரி சாக்கெட்டில்தான் உட்காரும் என்பதால் 6எல்6க்குப் பதிலாக இஎல்34 செருகிப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இஎல்34இன் முதல் கால் உள்ளே ஒரு கிரிட்டோடு (கம்பிச் சுருளோடு) இணைந்தது, அதை வெளியே கேதோடோடு (எலக்ட்ரான்களை வெளிவிடும் பகுதியோடு) சேர்க்க வேண்டும். 6எல்6க்காகச் செய்த ஆம்ப்களில் அந்த இணைப்பு பல நேரம் இருக்காது. டியூபை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டருக்கும் ஒரு இஎல்34 ஒன்றரை ஆம்பியர் கேட்கும், 6எல்6ஜிசி கேட்பது 0.9 தான். நாலு டியூபுக்கு 3.6 ஆம்பியர் கொடுக்கப் பழகிய டிரான்ஸ்ஃபார்மரிடம் போய் 6 ஆம்பியர் கேட்டால் அது என்ன செய்யும்?

6505இல் இன்னொரு விசித்திரம், பயாஸைத் திருகி மாற்ற உள்ளே திருகாணியே கிடையாது, கம்பெனியே ஒரு அளவில் நிறுத்தி அனுப்பிவிடுகிறது, அதுவும் ரொம்ப குளிர்ச்சியான பக்கத்தில், அதாவது டியூப் குறைவாகவே மின்சாரம் இழுக்கும்படி. மெசா பூகி என்ற கம்பெனியும் பெரும்பாலும் திருகாணி வைப்பதில்லை, தங்கள் ஆம்புக்கு ஏற்ற அளவில் தேர்ந்தெடுத்த டியூப்களை நிறக் குறியீடு போட்டு அவர்களே விற்கிறார்கள். இந்த வகை ஆம்ப் வைத்திருப்பவர்கள் நான்கும் ஒத்துப்போகிற செட்டாக வாங்கினால் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். ஆனாலும் புதுச் செட்டைப் போட்ட முதல் தடவை அறையை இருட்டாக்கி, எதிரே உட்கார்ந்து, ஏதாவது தகடு சிவக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வாசிக்கத் தொடங்க வேண்டும். மார்ஷல் ஜேசிஎம்800 மாதிரி திருகாணி உள்ள ஆம்ப் என்றால் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள்.

ஏன் மெக்கானிக்கிடம் என்றால், டியூப்களைப் பின்பக்கக் கம்பி வலையைக் கழற்றினாலே மாற்றிவிடலாம், ஆனால் பயாஸ் திருகாணி பெரும்பாலும் சேசிஸுக்குள், அதாவது ஆம்பின் உலோக உடலுக்குள் இருக்கிறது. உள்ளே மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 400, 500 வோல்ட் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், வடிந்துபோவதற்கான ரெசிஸ்டர் இல்லாத, அல்லது அது கருகிப்போன ஆம்பில் அந்த மின்சாரம் நெடுநேரம் காத்திருக்கும். மீட்டர் வைத்து அளந்து, முறையாக வடித்து, மறுபடி அளந்து, பிறகுதான் நாங்களே கை வைக்கிறோம். உங்கள் குறிப்பில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதுதான் எனக்குக் கோபத்தையே வரவழைத்தது.

இதோடு சேர்த்து இன்னொன்று. ஹை கெயின் ஆம்பில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிடுவது அல்லது இரண்டு பின் அடாப்டர் போடுவது நம் ஊர் மேடைகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது. ஹம் நின்றுவிடும்தான். ஆனால் கிதாரின் கம்பிகள் கேபிள் வழியாக ஆம்பின் உலோக உடலோடு நேராக இணைந்திருக்கின்றன. ஆம்பில் கசிவு இருந்து, எர்த்தும் இல்லாமல், ஒரு கையில் கிதாரும் உதட்டில் மைக்குமாக நிற்கும் பையனை யோசித்துப் பாருங்கள். அதே மாதிரி ஃப்யூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றிப் போடுகிறவர்களும் உண்டு. டியூப்களுக்கு உயர் மின்னழுத்தத்தைத் திறந்துவிடும் ஸ்டாண்ட்பை சுவிட்சைத் தள்ளியதும் ஃப்யூஸ் போகிறது என்றால் அநேகமாகப் பெரிய டியூப் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது, ஃப்யூஸ் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. ஸ்பீக்கர் இணைக்காமல் டியூப் ஆம்பை ஓட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டியூப் சீக்கிரம் போவதற்கு நம் கரண்டும் ஒரு காரணம், இதைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதில் அவ்வளவாகப் பார்க்க முடியாது. ஹீட்டருக்கு வேண்டியது 6.3 வோல்ட், பத்து சதவீதம் முன்னே பின்னே பொறுத்துக்கொள்ளும். ஆம்ப் 220 வோல்ட்டுக்கு அமைத்திருக்கிறது, உங்கள் வீட்டில் இரவு நேரத்தில் 245 வருகிறது என்றால் ஹீட்டரில் 7 வோல்ட் நிற்கும், அது எல்லையைத் தாண்டியது. கல்லூரி விழாக்களில் ஜெனரேட்டரில் ஓட்டும்போது இன்னும் மோசம். வருடா வருடம் ஒன்பது டியூபுக்குச் செலவழிப்பதைவிட ஒரு நல்ல ஸ்டெபிலைசருக்கு ஒருமுறை செலவழிக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் கிடைக்கும், பிளக் பாயின்டில் எவ்வளவு வருகிறது என்று முதலில் அளந்து பாருங்கள்.

ஒலி மாறும் என்பதற்காகப் பெரிய டியூப்களை மாற்றுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த வகை ஆம்பில் டிஸ்டார்ஷன் பிறப்பது சின்ன டியூப்களில், அதிலும் வீட்டில் வாசிக்கிற சத்தத்தில் பெரிய டியூப்கள் வியர்ப்பதே இல்லை. நான்கு புது 6எல்6க்குக் கொடுக்கும் காசில் ஸ்பீக்கரை மாற்றினால் வித்தியாசம் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும். கெயின் அதிகமாக இருக்கிறது, இரைகிறது என்றால் வி1இல் 12ஏஎக்ஸ்7க்குப் பதிலாக 5751 என்ற டியூபைப் போட்டுப் பாருங்கள். பெருக்கும் திறன் 100க்குப் பதில் 70, மற்றபடி நேராக உட்காரும்.

பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு கிதார் ஆம்ப் டியூப்கள் பெருமளவில் வருவது ரஷ்யாவின் சரத்தோவ், ஸ்லோவாகியாவின் சாட்சா, அப்புறம் சீனா, இவ்வளவுதான். சோவ்டெக், எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ், டங்சால், முல்லார்ட் என்று வேறு வேறு பெட்டிகளில் வருபவை எல்லாம் அந்த ஒரே சரத்தோவ் ஆலையிலிருந்து வருபவை. உள்ளமைப்பில் வித்தியாசம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முல்லார்ட் என்ற பெயரைப் பார்த்து இங்கிலாந்தின் பிளாக்பர்னில் செய்த அந்தக் காலத்துச் சரக்கு என்று நினைத்து வாங்காதீர்கள். 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடை வந்தபோது அந்த ஆலையின் சரக்கு நின்றது, பிறகு வர ஆரம்பித்தபோது விலை ஏறியிருந்தது. பெங்களூருவில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் அறுபதுகளில் ரேடியோ வால்வுகளைச் செய்துகொண்டிருந்தது, இன்று நமக்கென்று அப்படி ஒன்றும் இல்லை. அதனால்தான் ஓடுகிற நல்ல டியூபைத் தூக்கிப் போடச் சொன்னது எனக்கு உறுத்தியது. சின்ன டியூப்கள் பல வருடம் உழைக்கும். வாரா வாரம் மேடையில் உரக்க வாசிக்கிறவர்களுக்குப் பெரிய டியூப்கள் ஓரிரு வருடத்தில் தளரலாம், வீட்டில் வாசிக்கிறவர்களுக்கு அதற்கு மேலும் ஓடும்.

அடுத்த ஞாயிறு இணைப்பில் இவ்வளவையும் போட இடம் இருக்காது என்று தெரியும். கெப்பாசிட்டரில் நிற்கும் மின்சாரம், எர்த் பின், பெரிய டியூபுக்கு பயாஸ், இந்த மூன்றையாவது ஒரு திருத்தமாகப் போட்டுவிடுங்கள். பழைய குறிப்பைக் கத்தரித்து வைத்திருக்கிறவர்கள் பார்க்கிற மாதிரி அதே பக்கத்தில் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஆம்ப் மெக்கானிக் ஒருவர்,
சென்னை.